பெரிய உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் சைக்கிள் உடுப்பு: அளவெடுப்பதிலிருந்து தையல்காரர் வரை

கடையில் 3எக்ஸ்எல் ஜெர்சியைப் போட்டால் மார்பு கச்சிதமாக இருக்கும், ஜிப் மட்டும் வயிற்றில் வந்து முரண்டு பிடிக்கும். 5எக்ஸ்எல் போட்டால் வயிறு அடங்கிவிடும், தோள் தையல் கையில் பாதி தூரம் இறங்கிவிடும். இதைப் பார்த்துவிட்டு "நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று பருத்தி டி-ஷர்ட்டும் ரக்பி ஷார்ட்ஸுமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைப் பாதையில் ஓட்டுகிறவர்கள் நிறைய. கோளாறு உடம்பில் இல்லை. உடுப்பு நிறுவனங்கள் நடுத்தர அளவு ஒன்றுக்கு வெட்டுத்தாள் போடுகின்றன. அடுத்தடுத்த அளவுகளுக்கு மார்பு, இடுப்பு, புட்டம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவாக நாலைந்து சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டே போகின்றன. நம் உடம்பு அப்படி எல்லாப் பக்கமும் சமமாக வளர்வதில்லை. ஒருவருக்கு முன்வயிறு, இன்னொருவருக்குத் தொடை, பெண்கள் பலருக்கு இடுப்புக்கும் புட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் எக்ஸ் எழுத்துகளை எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஜெர்சியை வயிற்றளவுக்கு வாங்குங்கள். தோளில் மாட்டும் பட்டையோடு வரும் இறுக்கமான சைக்கிள் கால்சட்டையான பிப் ஷார்ட்ஸைத் தொடைக்கும் உடல் நீளத்துக்கும் வாங்குங்கள். மிச்சத்தை டேப்பும் தையல்காரரும் பார்த்துக்கொள்வார்கள்.

ஆறு அளவுகள்

தையல் டேப் ஒன்று, உதவிக்கு வீட்டில் ஒருவர், உள்ளாடை மட்டும். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

மார்பு: அக்குளுக்குக் கீழே, மிக அகலமான இடத்தில். பெண்கள் சைக்கிள் ஓட்டும்போது போடும் ஸ்போர்ட்ஸ் பிராவோடு எடுக்க வேண்டும். சாதாரண பிராவுக்கும் அதற்கும் நாலைந்து சென்டிமீட்டர் மாறிவிடலாம்.

வயிறு: தொப்புளுக்கு நேராக. ஆண்கள் தவறு செய்வது இங்கேதான். "என் இடுப்பு 38" என்று சொல்வார்கள். அது ஜீன்ஸ் லேபிளில் உள்ள எண்; ஜீன்ஸ் நிற்பது வயிற்றுக்குக் கீழே. அதே ஆளுக்குத் தொப்புளில் டேப் வைத்தால் 45, 46 அங்குலம் வரும். பிப் ஷார்ட்ஸ் வயிற்றின் மேலேயே ஏறி நிற்கிற உடுப்பு, அதற்கு ஜீன்ஸ் எண் உதவாது. நின்றபடி ஒரு தடவை, நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து ஒரு தடவை எடுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். இரண்டில் பெரியதுதான் உங்கள் அளவு.

புட்டம்: மிகத் துருத்தி நிற்கும் இடத்தில், கால்களைச் சேர்த்து வைத்து.

தொடை: கவட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே ஒன்று, பிப்பின் கால் முடியும் இடத்தில் (முட்டிக்கு ஒரு கை அகலம் மேலே) ஒன்று. இரண்டும் வேண்டும். மேல்தொடை பருத்து முட்டியருகே குறுகும் கால்களுக்கு, முதல் அளவை மட்டும் பார்த்து வாங்கினால் கால்பட்டை தொளதொளக்கும்.

கவட்டிலிருந்து முட்டி வரை நீளம்.

கடைசியாக உடல் சுற்று. தோளின் நடுவில் டேப்பின் நுனியைப் பிடித்து, முன்பக்கமாக வயிற்றின் மேல் இறக்கி, கவட்டின் ஊடாகப் பின்னால் எடுத்து, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவாருங்கள். இந்த அளவைக் கேட்கிற கடை அரிது, ஆனால் பெரிய உடம்புக்கு பிப் பொருந்துமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ஒரே உயரமுள்ள இருவரில் வயிறு பெரியவருக்கு இந்தச் சுற்று பல சென்டிமீட்டர் கூடுதலாக வரும். பிப்பின் தோள்பட்டை பிடித்து இழுத்து, கவட்டில் தைத்திருக்கும் நுரை மெத்தையான பேட் அழுத்தி, ஒரு மணி நேரத்தில் தோள் வலிக்கிறது என்றால், காரணம் இடுப்பளவில் இல்லை. இந்தச் சுற்றில் இருக்கிறது.

எப்போது அளவெடுப்பது? அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு நடக்கும் அமாஷோவா சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராகும் நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. புரட்டாசி விரதத்தில் கறியும் மீனும் நின்று, பயிற்சியும் கூடி, வயிறு சற்று இறங்கும். தீபாவளிக்கு அது திரும்ப வந்து சேரும். விரதத்தின் நடுவில் அளவெடுத்து "இன்னும் இளைப்பேன்" என்ற நம்பிக்கையில் ஒரு அளவு சிறியதாக வாங்கிய பிப்புகள் அலமாரியில்தான் கிடக்கும். ஆகஸ்டில் அளவெடுங்கள், இன்றைய உடம்புக்கு வாங்குங்கள். பிப் தைக்கிற லைக்ரா நீள்துணி மூன்று நான்கு சென்டிமீட்டர் இளைப்பைத் தானாகவே தாங்கும்.

அளவுப் பட்டியலைப் படிப்பது

பட்டியலில் இருப்பது உடம்பின் அளவா, உடுப்பின் அளவா என்று முதலில் பாருங்கள். லைக்ரா ஷார்ட்ஸைத் தரையில் விரித்து அளந்தால் உடம்பைவிடக் கணிசமாகச் சிறியதாகவே இருக்கும். நீண்டு பிடிப்பதுதான் அதன் வேலை. உடுப்பின் அளவைத் தன் உடம்பின் அளவு என்று எண்ணி இரண்டு எண் மேலே வாங்குகிறவர்களுக்கு பேட் தொங்கிப் புண்ணாகும்.

இத்தாலிய வெட்டு பந்தயக்காரரின் ஒல்லி உடம்புக்குப் போட்டது. தென்னாப்பிரிக்கக் கடைகளில் எல் போடுகிறவர் அதில் 2எக்ஸ்எல் தேட வேண்டியிருக்கும். சீனாவிலிருந்து நேராக வரும் மலிவு ஜெர்சிகளும் அப்படியே. "ரேஸ்", "ஏரோ" என்று எழுதியிருந்தால் விட்டுவிட்டு, "கிளப்", "ரிலாக்ஸ்டு" என்று இருப்பதைப் பாருங்கள்.

பெண்களுக்கு எண் அளவுகளில் ஒரு பொறி உண்டு. நம் தென்னாப்பிரிக்க லேபிளில் 38 என்பது பிரிட்டனின் 14. ஐரோப்பிய லேபிளில் அதே 38 பிரிட்டனின் 10. இத்தாலிய லேபிளில் 38 என்றால் பிரிட்டனின் 6. மூன்றும் ஒரே எண், மூன்று உடம்புகள். எண்ணை மறந்துவிட்டு சென்டிமீட்டரைக் கேளுங்கள்.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால் ஜெர்சிக்குப் பெரியதை எடுங்கள். பிப்புக்கு, தொடையும் உடல் சுற்றும் சின்ன அளவுக்குள் அடங்கினால் சின்னதை எடுங்கள், அடங்காவிட்டால் பெரியது. ஜெர்சி கொஞ்சம் தளர்ந்தால் காற்றில் படபடக்கும், அவ்வளவுதான். பிப் தளர்ந்தால் தோல் போகும்.

பேட்: தடிமன் என்கிற ஏமாற்று

"நான் கனமான ஆள், தடிமனான பேட் கொடுங்க" என்று கேட்பது இயல்பு. பலன் நேர்மாறாக இருக்கும். மெத்தென்ற தடித்த நுரை எடை ஏறியதும் அப்படியே நசுங்கித் தட்டையாகிவிடும், எலும்பு அடியைத் தொட்டுவிடும். தடித்த ஓரங்கள் தொடை இடுக்கில் மடிந்து உரசும். கேட்க வேண்டியது நுரையின் அடர்த்தி. நீண்ட தூரத்துக்கான பேட்களில் உட்காரும் எலும்புக்கு அடியில் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவும் அதற்கு மேலும் அடர்த்தியுள்ள நுரை வைப்பார்கள். கடையில் இந்த எண் கிடைக்காவிட்டால் கட்டைவிரலால் நடுப்பகுதியை முழு பலத்தோடு அழுத்துங்கள். விரல் அடுத்த பக்கத்தில் இருக்கும் விரலை எளிதாக உணர்ந்தால் அந்த பேட் உங்கள் எடைக்கு ஆகாது.

உட்காரும் எலும்புகளின் இடைவெளி எடையோடு கூடாது, அது எலும்பு. இடுப்பு பெரியவர் என்பதற்காக அகலச் சீட்டும் அகல பேடும் தேவை என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள், அளந்து பாருங்கள். நெளிவுள்ள அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் கல் படியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலைத் தூக்கி முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் இருங்கள். அட்டையில் இரண்டு பள்ளம் விழும். பள்ளத்தின் நடுவிலிருந்து நடு வரை அளந்தால் பெரும்பாலோருக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும். பேடின் அடர்த்தியான பகுதி இந்த அளவுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தாண்டி இருக்க வேண்டும்.

உள்ளே ஜட்டி போடக் கூடாது. எத்தனை தடவை சொன்னாலும் வெட்கத்துக்காகப் போடுகிறவர்கள் உண்டு. பருத்தியின் தையல் விளிம்பு பேடுக்கும் தோலுக்கும் நடுவில் அறுக்கும்.

போட்டுப் பார்க்கும்போது

நேராக நின்று கண்ணாடியில் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் ஏமாறுவார்கள். நிமிர்ந்து நின்றால் நல்ல பிப் தோளில் கொஞ்சம் இழுக்கும், அது சரிதான். 45 பாகை முன்னால் குனிந்து, கைகளைக் கைப்பிடியில் வைத்ததுபோல் நீட்டுங்கள். ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியை மாற்றி மாற்றி மார்பு நோக்கித் தூக்குங்கள். கடையில் சைக்கிள் நிறுத்தி வைத்திருந்தால் ஏறி உட்காரக் கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் மறுக்க மாட்டார்கள்.

துணியின் சுருக்கங்களைப் படியுங்கள். தொடையில் குறுக்குவாட்டில் கோடு விழுந்தால் இறுக்கம். நெடுக்குவாட்டில் மடிப்பு விழுந்தால் தளர்வு. கவட்டிலிருந்து இடுப்பெலும்பை நோக்கிச் சாய்வாக வரி விழுந்தால் உடல் சுற்று போதவில்லை. ஜெர்சியின் ஜிப் பாம்புபோல் நெளிந்தால் வயிற்றில் அகலம் குறைவு. பின்புறப் பைகளில் ஒரு போன், ஒரு தண்ணீர் போத்தல், ஒரு டியூப் போட்டுப் பாருங்கள். பை புட்டத்துக்கு இறங்கித் தொங்கினால் ஜெர்சி மேலே தளர்வு, முன்பக்கம் தொப்புளுக்கு ஏறினால் நீளம் போதாது.

கால்பட்டையைக் கவனியுங்கள். ஒரு சென்டிமீட்டர் சிலிகோன் வளையம் உள்ள பழைய பாணிப் பட்டை தொடையை நூல் கட்டிய மாதிரி பிதுக்கும். ஓட்டி முடித்துக் கழற்றினால் சிவந்த வளையம் ஒரு மணி நேரம் இருக்கும். 6, 7 சென்டிமீட்டர் அகலமுள்ள, மடிப்பு இல்லாத லைக்ரா பட்டையைத் தேடுங்கள். அழுத்தம் பரவும், பிதுங்காது. கால் நீளம் கவட்டிலிருந்து 23 முதல் 28 சென்டிமீட்டர் இருந்தால் தொடைகள் ஒன்றோடொன்று உரசும் பகுதி முழுவதும் துணிக்குள் வந்துவிடும். குட்டையான பிப் பெரிய தொடைக்கு எதிரி. பெடல் சுற்றச் சுற்ற மேலே சுருண்டு, சரியாக உரசும் இடத்தில் ஒரு தடித்த கயிறாக நிற்கும்.

கடைசியாக ஒரு சோதனை: வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்டு இழுபடும் லைக்ரா கண்ணாடியாகிவிடும். உங்கள் பின்னால் ஓட்டி வருகிறவர்களுக்குச் செய்யும் உபகாரம் இது. கறுப்புத் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாத எடை என்றால் பயமில்லை.

பெண்களுக்கு இயற்கை அழைப்பு ஒரு தனிப் பிரச்சினை. பின்பக்கம் இறக்கக்கூடிய, அல்லது முன்னால் கொக்கி கழலும் பிப் இருக்கிறது; வாங்கும் முன் ஜெர்சியைக் கழற்றாமல் இறக்கி ஏற்ற முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். கொக்கி முதுகு நடுவில் இருந்தால் பருத்த கைக்கு எட்டாது. தோள்பட்டையே வேண்டாம் என்பவர்கள், வயிற்றைச் சுற்றி அகலப் பட்டையாக உயர்ந்து நிற்கும் ஷார்ட்ஸைப் பார்க்கலாம். குறுகிய இலாஸ்டிக் மட்டும் உள்ளது குனியும்போது வயிற்றுக்குக் கீழே உருண்டுவிடும். லைக்ராவில் தெருவில் போகக் கூச்சமாக இருந்தால், உள்ளே பேட் உள்ள பிப், மேலே மலைச் சைக்கிள்காரர்கள் போடும் தளர்ந்த ஷார்ட்ஸ் அல்லது முக்கால் லெக்கிங்ஸ் என்று இரண்டடுக்காகப் போடுங்கள். மேல் ஷார்ட்ஸின் கவட்டில் தடித்த தையல் சந்திப்பு இருக்கக் கூடாது.

சாட்ஸ்வொர்த் தையல்காரர் செய்யக்கூடியதும் கூடாததும்

இதில் டர்பன்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். கிரே ஸ்ட்ரீட் பக்கம் (பெயர்ப்பலகையில் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்) துணிக்கடை வரிசை இருக்கிறது. புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சேலை பிளவுஸும் பஞ்சாபி சூட்டும் தைக்கிற அக்காமார் இருக்கிறார்கள். பிளவுஸுக்கு அளவெடுக்கத் தெரிந்த கைக்கு ஜெர்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஓவர்லாக் மெஷின் இருக்கா?" துணியோடு சேர்ந்து நீளும் தையல் போடுகிற இயந்திரம் அது. இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். சாதாரண நேர்த்தையல் இழுபட்டதும் பட்டென்று அறும்.

தோளுக்குச் சரியாக இருக்கும் ஜெர்சியை வாங்கி, வயிற்றுக்கு அகலப்படுத்துவதுதான் வழி. இரு பக்கத் தையலையும் அக்குளிலிருந்து கீழ்வரை பிரித்து, முக்கோணத் துண்டு சேர்க்க வேண்டும்: அக்குளில் பூஜ்யம், கீழ் விளிம்பில் 6 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்ந்து கீழே 12 சென்டிமீட்டர் கூடும். மார்பும் தோளும் அப்படியே இருக்கும். துண்டுக்கு நாலு பக்கமும் நீளும் பாலியெஸ்டர் வலைத்துணி போதும், காற்றும் வரும். ஊசி நீள்துணிக்கான 75/11. சாதாரண ஊசி இழையை வெட்டித் தையலோரம் பொத்தல் விழுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். பின் பைகளின் ஓரம் பெரும்பாலும் பக்கத் தையலுக்குள் சிக்கியிருக்கும். தையல்காரரிடம் முன்பே காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பை வாய் திறந்து நிற்கும். கீழ் விளிம்பின் சிலிகோன் இலாஸ்டிக்கை ஒட்டுப் போடாமல் முழுதாக மாற்றச் சொல்லுங்கள். ஒட்டு இடம் வயிற்றைக் குத்தும்.

பிப்பில் இரண்டு வேலை செய்யலாம். தோள்பட்டையில் 4 முதல் 6 சென்டிமீட்டர் நீள்வலைத் துண்டு சேர்த்து உடல் சுற்றைக் கூட்டலாம். இறுக்கும் கால்பட்டையை வெட்டிவிட்டு அகலப் பட்டை வைக்கலாம். கவட்டையும் பேடையும் தொடவே கூடாது. அங்கே தையல்கள் தட்டையாக, விளிம்பு தெரியாமல் போட்டிருக்கும். ஓவர்லாக்கின் மேடான விளிம்பு அந்த இடத்தில் வந்தால் 20 கிலோமீட்டரில் தெரிந்துவிடும்.

எங்கே வாங்குவது, எப்படித் திருப்பிக் கொடுப்பது

கேப் டவுன் நிறுவனங்களான ஃபர்ஸ்ட் அசென்ட், சியோவிட்டா இரண்டின் அளவுப் பட்டியலோடும் உங்கள் ஆறு அளவுகளை முதலில் ஒப்பிடுங்கள். உள்நாட்டு வாங்கல் என்றால் மாற்றுவது எளிது. மிகப் பெரிய அளவுகளுக்கு அமெரிக்காவின் ஏரோ டெக் டிசைன்ஸ் போன்றவை உண்டு. ஆனால் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். சீனா, அமெரிக்கா போன்ற நாடுகளில் தைத்த உடுப்புக்கு இங்கே சுங்கவரி 45 சதவீதம். 1,000 ராண்ட் மதிப்புக்கு வரி 450. அதன்மேல் வாட்: மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, சுங்கவரியையும் சேர்த்த 1,550 ராண்டுக்கு 15 சதவீதம், அதாவது 232 ராண்ட் 50 சென்ட். ஆக 1,682 ராண்ட் 50 சென்ட், கூரியர்காரரின் கட்டணம் தனி. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்.

உள்நாட்டில் இணையத்தில் வாங்கினால், 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, பொருள் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வாங்கலை ரத்து செய்ய இடம் தருகிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. லேபிளைக் கிழிக்காமல், பேடின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல், வீட்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து சோதியுங்கள். உங்கள் அளவுக்கென்றே தைத்ததற்கு இந்த உரிமை கிடையாது. அதனால் கிளப் ஜெர்சி, கோயில் நிதிச் சவாரிக் குழு ஜெர்சி என்று மொத்தமாகத் தைக்கக் கொடுக்கும்போது, மாதிரி அளவுப் பெட்டி அனுப்பச் சொல்லி எல்லோரும் போட்டுப் பார்த்த பிறகே எண்ணிக்கை கொடுங்கள். மேலுக்கு ஒரு அளவு, கீழுக்கு வேறு அளவு கேட்கவும் தயங்க வேண்டாம். தையல் பிரிவது, ஜிப் உடைவது போன்ற குறைகளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் வரை கேட்கலாம்.

ஓட்டும் நாளில்

அமாஷோவா 106 கிலோமீட்டர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளத்தில் விடியலில் குளிரும், பாலி ஷார்ட்ஸ் என்ற மலைச்சாலை ஏற்றத்திலேயே வியர்த்துவிடும், டர்பனுக்கு இறங்கும்போது புழுங்கும். தடித்த ஜாக்கெட் வேண்டாம். கையில்லாத மெல்லிய காற்றுமேலாடை ஒன்று போதும். அதை வாங்கும்போது ஜெர்சியின் பைகளை நிரப்பிக்கொண்டு ஜிப் போட்டுப் பாருங்கள். குளிருக்காகக் கையில் மாட்டும் துணிக் குழாய்கள் பருத்த மேற்கையில் இறுக்கி விரல் மரத்துப்போகும் என்றால், முழுக்கைத் தளர் சட்டையை மேலே போட்டு வழியில் வரும் இன்சாங்கா ஏற்றத்துக்கு முன் கழற்றிவிடலாம். பிப்பின் முதுகு வலைத்துணியாக இருக்கட்டும். டர்பன் ஈரக் காற்றில் தடித்த முதுகுத்துணி வியர்வையில் ஊறிக் கனக்கும்.

புது பிப்பை அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள். இரண்டு மூன்று தடவை, அதில் ஒரு தடவையாவது மூன்று மணி நேரம், ஓட்டிப் பழக்குங்கள். உரசல் கிரீமைத் தொடை இடுக்கு, பேடின் ஓரம் படும் இடம், பெண்களுக்கு பிராவின் அடிப்பட்டை, ஆண்களுக்கு முலைக்காம்பு ஆகிய இடங்களில் தடவுங்கள். வயிற்று மடிப்புக்குள்ளும் கொஞ்சம். அங்கேதான் வியர்வை தேங்கும்.

வந்ததும் பிப்பைக் கழற்றிவிட வேண்டும். ஈர பேடோடு, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய பன்னி சோ சாப்பிட உட்கார்ந்தால் மறுநாள் கொப்புளம். உட்புறம் வெளியே திருப்பி, 30 பாகை செல்சியஸ் தண்ணீரில், துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவையுங்கள். மென்மையாக்கி இழைகளில் படிந்து வியர்வை உறிஞ்ச விடாது. காயவைப்பது நிழலில். டர்பன் வெயிலில் நேராகப் போட்டால் லைக்ராவின் இழுவிசை சீக்கிரம் போகும். பெரிய உடம்பு துணியை அதிகம் இழுப்பதால் இது நமக்குக் கொஞ்சம் முன்னதாகவே நடக்கும்: புட்டத்தின் துணி பளபளக்கும், கால்பட்டையில் வெள்ளை ரப்பர் நூல்கள் மயிர்போல் எட்டிப் பார்க்கும். அந்த நூல்கள் தெரிந்த அன்றே பிப்பைச் சாலையிலிருந்து எடுத்துவிடுங்கள், வீட்டுக்குள் ரோலர் பயிற்சிக் கருவியில் ஓட்ட மட்டும் ஆகும்.